ஊமைக்குடாவில் மலை நகர்ந்த ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் ஞாயிற்றுக்கிழமை மலை நான்கடி நகர்ந்து வந்தபோது நாங்கள் பாயைத்தான் குறை சொன்னோம். காலையில் விரிக்கும்போது பாய்க்கும் பாறைச் சுவருக்கும் நடுவில் சோற்றுப் பானையும் கறிச்சட்டியும் தண்ணீர்க் கானும் வைக்க இடமிருந்தது. பின்னேரம் சுருட்டும்போது பாயின் ஒரு கரை பாறைக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டு, இரண்டு பேர் பிடித்து இழுத்தும் வராமல், கடைசியில் ஒரு முழம் கிழிந்துதான் வந்தது. "காலமை பாத்து விரிச்சிருக்க வேணும்" என்றார் ஞானேஸ்வரி அக்கா. "பாத்துத்தானக்கா விரிச்சனான்" என்றாள் என் மனைவி பவளம். "பாத்து விரிச்ச பாய் ஏன் மலைக்குக் கீழை போகுது?" என்று கேட்டார் அக்கா. கிழிந்த பாயைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்குப் போனோம்.

சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், நாங்கள் பதினெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த காலம் அது. எல்லோருக்கும் வீட்டு வேலைதான். சிலர் சமைத்தோம், சிலர் தரை துடைத்தோம், எங்கள் மன்றத் தலைவர் அம்பலவாணர், ஊரில் கிராம சேவகராக இருந்து ஒரு கையெழுத்துக்கு ஊரையே மூன்று நாள் காக்க வைத்தவர், இங்கே ஒரு சீமாட்டியின் நாயைக் குளிப்பாட்டி உலாத்தக் கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை லீவு, ஆனால் லீவில் போயிருக்க இடமில்லை. பூங்காவில் பத்துப் பேர் சேர்ந்தால் பொலிஸ் வந்து பத்திரம் கேட்டது, வீட்டில் சேர்ந்தால் கீழ்வீட்டுக்காரி தரை கூட்டும் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடித்தாள். மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒருவரும் கலைக்க முடியாத இடத்தில் நடத்த வேண்டும் என்று ஆறு மாதமாகத் தேடிய தலைவர், சீமாட்டியின் கோடை வீட்டுக்குப் போயிருந்தபோது நாய் அறுத்துக்கொண்டு ஓட, அதைத் துரத்திப் போய், இந்தக் குடாவைக் கண்டுபிடித்தார். நாய் அங்கே போனதும் குரைப்பதை நிறுத்திவிட்டதாம். அதைத் தலைவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

பஸ்சின் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவால் ஒரு மணி நேரம் நடந்தால், மலை ஒன்று நடுவில் கீறியது போலப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவுக்குள்ளால் ஆட்டுக்கு வெட்டிய படி போல இருநூறு படி இறங்கினால், மூன்று பக்கமும் செங்குத்தான சாம்பல் பாறை, அண்ணாந்து பார்த்தால் கழுத்துச் சுளுக்கும் உயரம், நான்காவது பக்கம் கடல். கடலென்றால் எங்கள் ஊர்க் கடல் போல இரைந்துகொண்டும் சேறு கலக்கிக்கொண்டும் இருக்கிற கடல் இல்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், மீன் திரும்பிப் படுப்பது தெரியும், அலை வருவதே கூச்சப்பட்டுக்கொண்டு வருவது போல வரும். பாறை இடுக்குகளில் நாகதாளிக் கள்ளி நின்றது. ஊரில் வேலிக்கு நட்டு, ஆடு கூடத் தொடாத நாகதாளியின் பழத்தை இந்த நாட்டில் கடையில் அடுக்கி விற்பார்கள் என்பதால், அந்த இடம் எங்களுக்கு ஒரே நேரத்தில் வேலிக் கரையாகவும் பழக்கடையாகவும் தெரிந்தது.

உள்ளூர்க்காரர் அதை ஊமைக்குடா என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கே தூரி என்ற கிழவர் ஒருவர் தன் படகின் நிழலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். பானைகளும் பாய்களும் பிள்ளைகளுமாக அறுபது பேர் பிளவுக்குள்ளால் இறங்கி வருவதைக் கண்டதும் எழுந்து நின்று, விரலை உதட்டில் வைத்தார். "தனியார் நிலம் போலை. சத்தம் போடாமல் இருந்தால் விடுவார்" என்று தலைவர் எங்களுக்கு விளக்கினார். நாங்கள் சத்தம் போடாமல் இருந்தோம். ஐந்து நிமிடம் இருந்தோம். எங்கள் ஆட்கள் அறுபது பேர் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்ததை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. பிறகு ஆட்டுக்கறிச் சட்டியின் மூடியைத் திறந்தார்கள், ஞானேஸ்வரி அக்கா தன்னுடைய எசமானியின் பொய்ப் பல்செற்றைப் பூனை தூக்கிக்கொண்டு போன கதையைத் தொடங்கினார், பாய் மலைக்கு அடியில் போயிற்று.

இரண்டாம் ஞாயிறு எல்லோரும் கண்ணால் கண்டோம். பூனை பல்செற்றோடு கூரையில் ஏறிய இடத்தில், கிழக்குப் பக்கத்துப் பாறை, தூசி கிளப்பாமல், கல் உருட்டாமல், கதை கேட்கிற ஒருவர் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொள்வது போல, ஓரடி வந்து நின்றது. அக்கா நிறுத்தினார். அதுவும் நின்றது. அக்கா, "பூனை எங்கையிருந்து சிரிச்சது தெரியுமோ?" என்றார். இன்னும் ஓரடி.

"மலை வருகுது" என்றேன் நான்.

"வரட்டும், கதையைக் குழப்பாதையும்" என்றார் ஞானேஸ்வரி அக்கா.

தூரிக் கிழவர் என் கையைப் பிடித்து, இருநூறு படியும் ஏற்றி, மேலே எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துத்தான் வாய் திறந்தார். தன் பூட்டன் காலத்தில் அந்தக் குடாவில் நாற்பது படகுகள் நிறுத்தலாம் என்றும், பெண்கள் துணி தோய்க்க வந்து ஊர்க்கதை பேசிப் பேசி மலையைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றும், கவனித்தபோது ஆறு படகுக்குத்தான் இடமிருந்தது என்றும், அன்றிலிருந்து நான்கு தலைமுறையாக அங்கே இறங்குகிற ஒருவரும் வாய் திறப்பதில்லை என்றும் சொன்னார். "எந்த மொழி என்று அதற்கு வித்தியாசம் கிடையாது. உங்களால் பேசாமல் இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"என்னால் முடியும். மற்றவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

மற்றவர்களைக் கேட்டோம். மன்றம் கூடி ஆராய்ந்தது. போகாமல் விடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பூங்காவில் பொலிஸ், வீட்டில் தும்புத்தடி, இங்கே மலை என்றால், மூன்றிலும் மலைதான் மரியாதையாக நடந்துகொள்கிறது என்பது பொதுவான அபிப்பிராயம். பேசாமல் இருக்கலாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஆறு நாளும் பிறத்தியாரின் வீட்டில் பிறத்தியாரின் மொழியில் ஓம், இல்லை, வந்துவிட்டேன், துடைத்துவிட்டேன் என்ற நாலு சொல்லோடு இருக்கிற சனம், ஏழாம் நாளும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கச் சம்மதிக்குமா? அப்படியானால் வந்த மலையைத் திருப்பி அனுப்ப வழி என்ன என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. அதற்கும் மூன்றாம் ஞாயிறு தானாகவே விடை வந்தது.

அன்றைக்குத்தான் ஆண்டுப் பொதுக்கூட்டம். அம்பலவாணர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பாறையில் ஏறி, "பேரன்புக்குரிய தாய்மார்களே, சகோதரர்களே" என்று தொடங்கி, மன்றம் தோன்றிய வரலாறு, தோன்றுவதற்கு முந்திய வரலாறு, வந்திருந்தோர், வரமுடியாமைக்கு வருந்தியோர் என்று போய், ஆண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோது, கிழக்குப் பாறை மெதுவாக, மரியாதை குறையாமல், பின்னுக்குப் போனது. மன்றத்தின் விதிகளான யாப்பின் ஏழாம் உறுப்புரைக்குத் திருத்தம் கொண்டுவந்தபோது மேற்குப் பாறையும் போனது. நன்றியுரை முடியும்போது குடா முதல் நாள் இருந்த அளவுக்கு வந்துவிட்டது. கிழிந்த பாயின் மிச்சத் துண்டு வெளியே கிடந்தது.

தலைவருக்கு முதலில் மனம் நொந்துபோனது. நியாயம்தானே. ஆனால் அடுத்த ஞாயிறு கறி வேகும் முன்னமே சனம் அவரைச் சுற்றி நின்று, "அண்ணை, மலை கிட்ட வந்திட்டுது, ஒரு பத்து நிமிசம் பேசிவிடுங்கோ" என்று கெஞ்சியபோது, வாழ்நாள் முழுக்க "போதும் இருங்கோ" என்றே கேட்டுப் பழகிய மனிதர் முகம் மலர்ந்து, எந்த உரை வேண்டும் என்று கேட்டார். பிறகு அது ஒரு முறையாகவே வந்துவிட்டது. சமைக்கிற இடத்துக்கு நிழல் வேண்டுமென்றால் யாராவது ஒரு சின்ன ஊர்வம்பை எடுத்துவிடுவார்கள், மலை வந்து நிழல் தரும். தோய்த்த துணி காய வெயில் வேண்டுமென்றால் தலைவர் யாப்பை எடுப்பார், மலை போகும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லி மலையை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துப் பந்து விளையாடினார்கள். கலியாணம் பேச வந்த ஒரு வீட்டார், மாப்பிள்ளையின் குணநலன்களை அங்கே வைத்துச் சொல்ல, மலை பின்னுக்குப் போனதைப் பார்த்துப் பெண் வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். தூரி முதலில் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, தமிழில் ஒரு சொல் தெரியாமல், கதை சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தபடி முன் வரிசையில் இருக்கத் தொடங்கினார்.

இந்த நிலையில்தான் பவளம் எங்கள் கலியாணக் கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

பவளம் கதை சொன்னால் ஞானேஸ்வரி அக்கா கூட வாயை மூடுவார். எனக்குப் பேச்சு வராது; எங்கள் வீட்டில் இரண்டு பேருடைய பேச்சையும் அவளே பேசினாள். அவளை முதலில் நிச்சயித்தது எனக்கில்லை. என் சித்தி வழியில் அண்ணன் முறையான தில்லைநாதனுக்கு. மாப்பிள்ளை வீடு நெடுந்தீவு, பொம்பிளை வீடு புங்குடுதீவு, நடுவில் கடல். கலியாணத்தன்று படகு வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பதினொரு வருடமாக அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அவள் என்னைக் கட்டியிருக்க மாட்டாள். சொன்னால் இனியும் என்னோடு இருப்பாளோ தெரியாது. ஆகவே அவள் அந்தக் கதையை எடுத்த நாளிலிருந்து நான் ஞாயிற்றுக்கிழமை வருவதை வெறுத்தேன்.

அவள் அவசரப்படவில்லை. பந்தல் போட ஒரு ஞாயிறு, பலகாரம் சுட ஒரு ஞாயிறு, பலகாரச் சூட்டில் மாமியும் பெரியம்மாவும் பிடித்த சண்டைக்கு இரண்டு ஞாயிறு. ஒவ்வொரு கிழமையும் மலை வந்தது, ஒவ்வொரு கிழமையும் தலைவர் அதைத் திருப்பி அனுப்பினார், ஆனால் வந்த அளவுக்கு அது போகவில்லை. தலைவர் தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்டுக்கொண்டு கூடுதலாக உழைத்தார். "பவளம், நீர் கொஞ்சம் சுவை குறைச்சுச் சொல்லும் பிள்ளை. எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று கேட்டும் பார்த்தார். "எப்பிடியண்ணை குறைக்கிறது? நடந்ததைத்தானே சொல்லுறன்" என்றாள் பவளம். அதில் பாதி நடக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், மலைக்கும் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் ஞாயிறு, கதையில் படகு கரைக்கு வந்தது. மேளம் ஒரு படகில் முன்னுக்கு வந்தது, சனம் அதில் வந்தது. மாப்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, சத்தி எடுப்பதை ஆட்கள் பார்க்கக்கூடாது என்று, அவரும் நானும் மட்டும் பின்னால் ஒரு சின்னப் படகில் வந்தோம். "மேளகாரர் வாசிக்கினம்" என்றாள் பவளம். "என்ரை அண்ணன் ஆரத்தித் தட்டோடை ஓடுறார். குனிஞ்சு பாத்தால், படகுக்குள்ளை இந்த மனுசன் இருக்குது, மடியிலை மாப்பிள்ளையின்ரை தலைப்பாகை. தலைப்பாகை வந்தது, தலை வரேல்லை!" அறுபது பேரும் சிரித்தார்கள். தூரியும் சிரித்தார். "மாப்பிள்ளை எங்கையடா எண்டால், தான் கயிறு கட்டிக்கொண்டு நிண்டதாம், பாக்கேல்லையாம். நல்லநேரம் முடிய இருபது நிமிசம். எங்கடை அப்பு ஒண்டும் பேசேல்லை, தலைப்பாகையை எடுத்து இந்த மனுசன்ரை தலையிலை வைச்சுப் பாத்தார். அளவாயிருந்தது. அவ்வளவுதான் எனக்குப் பாத்த பொருத்தம்."

மலை அவளுக்கு ஆறடி தள்ளி நின்றது.

"அப்ப முதல் மாப்பிள்ளை ஏன் போனவர்?" என்று ஞானேஸ்வரி அக்கா கேட்டார்.

"தெரியாதக்கா." பவளத்தின் குரல் ஒருமாதிரி இறங்கிப் போனது. "அந்தாள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கொழும்பிலை இருக்கிறார், பிள்ளையள் மூண்டாம். என்னிலை என்ன குறையைக் கண்டவர் எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான்."

அதோடு கதை முடிந்தது என்று நாங்கள் எழுந்தோம். மலை அப்படி நினைக்கவில்லை. தலைவர் ஆண்டறிக்கையை முழுதாக வாசித்தார், அது அசையவில்லை. போன வருடத்து அறிக்கையையும் வாசித்தார். அது கேட்டதாகவே தெரியவில்லை. சரி, வந்த இடத்தில் நிற்கட்டும் என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு பிளவுக்குப் போனோம். பிள்ளைகள் போனார்கள். பானைகள் போயின. ஞானேஸ்வரி அக்கா, எங்கள் எல்லோரிலும் உடம்பானவர், கையில் இரண்டு பையோடு தாராளமாகப் போனார். பவளம், ஒரு முழக் கயிற்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டலாம் அவ்வளவு மெலிவு, காலை வைத்தபோது பிளவு ஒரு கைமுட்டி போகிற அளவுக்கு ஒடுங்கியது. அவள் பின்னுக்கு வந்தாள்; அது விரிந்தது. அக்கா திரும்ப உள்ளே வந்து, அவளை முன்னால் விட்டுப் பின்னால் நின்று தள்ளிப் பார்த்தார். பிளவு அவளுடைய மூக்குக்கு முன்னால் கதவு போல மூடியது.

தூரி அவளைப் படகில் ஏற்றினார். குடாவின் வாயில் இருந்த இரண்டு பாறைகளும், பால் குடிக்க மறுக்கிற பிள்ளையின் உதடு போல, இறுக்கிச் சேர்ந்துகொண்டன. அவளை இறக்கிவிட்டு வெறும் படகை விட்டார். பாறைகள் விலகி வழிவிட்டன.

"முடிவு கேக்குது" என்றார் ஞானேஸ்வரி அக்கா. "முடிவில்லாமல் கதையைத் தொடங்கினால் உப்பிடித்தான். இஞ்சை விடும், நான் சொல்லுறன்." அண்ணாந்து மலையைப் பார்த்து, மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தது என்றார். மேலேயிருந்து சுண்டைக்காய் அளவில் ஒரு கல் வந்து அவருடைய தலையில் விழுந்தது. இன்னொருவர், மாப்பிள்ளை கடலில் தவறி விழுந்து நினைவு தப்பிவிட்டார் என்றார். நெல்லிக்காய் அளவில் ஒன்று. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளை உலகப் பற்றுக்களைத் துறந்து காவி உடுத்தார் என்றார். தேங்காய் அளவில் ஒன்று உருண்டு வந்து, நல்ல காலம், அவருடைய காலடியில் விழுந்தது. கதைக்கு நடுவில் எவ்வளவு பொய்யையும் வாய் திறந்து கேட்ட மலை, முடிவில் மட்டும் பொய்யை ஏற்றுக்கொள்ளவில்லை.

வெயில் மேற்குப் பாறைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. கடைசி பஸ்சுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. பவளம் பாயில் இருந்துகொண்டு, பயத்தை எனக்குக் காட்டாமல், "இஞ்சேருங்கோ, நீங்கள் போங்கோ. நாளைக்கு வேலைவீட்டுக் கிழவிக்குக் கோப்பி வைச்சுக் குடுக்க வேணும். எனக்குச் சோறு மிச்சம் கிடக்குத்தானே" என்றாள். மலை அவளுக்கு மூன்றடியில் நின்றது. நான் அவளைப் பார்த்தேன். சொன்னால் போய்விடுவாள், சொல்லாவிட்டால் வரமாட்டாள். இரண்டில் ஒன்று என்றால், அவள் போகிறதுக்காவது இந்த இடத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

"மாப்பிள்ளை உம்மிலை ஒரு குறையும் காணேல்லை" என்றேன். "உம்மைக் கண்டதே இல்லை. நான்தான் அவரை ஓட வைச்சனான்."

போன ஆட்கள் பானைகளோடு படியில் நின்றார்கள். கல் விழவில்லை.

"கலியாணத்துக்கு முதல் நாள் வாசலுக்குக் கட்ட வாழைமரம் கொண்டு வந்தனான். நீர் பின்வளவிலை பெண்டுகளோடை இருந்து தேங்காய் துருவிக்கொண்டு கதை சொன்னீர். ஒரு வாத்தியார் பக்கத்து வீட்டு மாட்டைத் தன்ரை மாடு எண்டு நினைச்சுக் கொண்டுபோய்க் கட்டினதும், விடிய அவிட்டு விட்டால் மாடு போகமாட்டன் எண்டு நிண்டதும். நான் வாழைமரத்தைத் தோளிலை வைச்சபடி வேலிக்கு வெளியிலை நிண்டு கேட்டனான். மாட்டின்ரை சொந்தக்காரன் பொல்லுத்தடியோடை வாற இடத்திலை, உங்கடை அம்மா உம்மைக் குளிக்கக் கூப்பிட்டா. கதை நிண்டு போச்சு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் பேசியதில் எனக்கு இருமல் வந்தது. ஞானேஸ்வரி அக்கா தண்ணீர் தந்தார். வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன்.

"அடுத்த நாள் படகிலை மாப்பிள்ளை கேட்டார், நேற்றுப் போனனீர், பொம்பிளை எப்பிடி ஆள் எண்டு. அவர் காணிக் கந்தோரிலை ஒரு மூலை மேசையிலை இருந்து எழுதிற ஆள். காகம் கரைஞ்சால் எழும்பி ஜன்னல் சாத்திறவர். கதைப்பா எண்டன். எவ்வளவு கதைப்பா எண்டார். சாப்பிடேக்கையும் கதைப்பா, நித்திரையிலையும் கதைப்பா எண்டன். அவர் வெளிறிப் போனார். அதோடை நான் விட்டிருக்கலாம். அவவின்ரை தகப்பனுக்கு ஒரு காது கேக்காது, ஏன் எண்டு தெரியுமோ எண்டு கேட்டன். கரைக்கு வந்தவுடனை, சனமெல்லாம் மேளத்துக்குப் பின்னாலை நிக்க, தலைப்பாகையைக் கழட்டி என்ரை மடியிலை வைச்சார், ஆருக்கும் சொல்லாதையும் எண்டார், பஸ் நிண்டது, ஏறிப் போட்டார். நான் சொல்லேல்லை. அந்தக் கதையின்ரை மிச்சத்தை எனக்குக் கேக்க வேணும் போலை இருந்தது. வேறை ஒரு காரணமும் இல்லை."

மலை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, நிறையச் சாப்பிட்டவர் பாயிலிருந்து எழும்புவது போல ஒரு சின்ன முனகலோடு, கிழக்குப் பாறையும் மேற்குப் பாறையும் பின்னுக்குப் போகத் தொடங்கின. நாங்கள் முதல் நாள் கண்ட அளவைத் தாண்டிப் போயின. தூரி கண்ட அளவைத் தாண்டிப் போயின. வெயில் திரும்ப உள்ளே வந்தது. நூறு வருடம் பாறைக்கு அடியில் கிடந்த மணல், ஈரம் கூடக் காயாமல், வெள்ளையாகத் தெரிந்தது. அதில் யாரோ தோய்க்க வந்த பெண் விட்டுப்போன ஒரு மரச் செருப்புக் கிடந்தது. நாற்பது படகு நிறுத்தலாம். தூரி அதைப் பார்த்தபடி நின்று, பிறந்ததிலிருந்து அந்த மணலில் நின்று பேசாத வாயைத் திறந்து, என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொன்னாய்? ஒன்பது கிழமை ஒரு சொல் விளங்காமல் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லு!" என்றார். தலைவர், பஸ்சுக்கு நேரமாகிறது என்று சொல்லி, அதைத் தானே சுருக்கமாக எடுத்துரைப்பதாகப் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல மலை இன்னும் பத்தடி போனதென்று பிறகு கேள்விப்பட்டோம்.

பவளம் இருநூறு படியும் ஏறினாள். எலுமிச்சைத் தோட்டத்தால் நடந்தாள். பஸ்சில் ஜன்னல் பக்கம் இருந்தாள். ஒரு சொல் பேசவில்லை. திங்கள் பேசவில்லை, செவ்வாய் பேசவில்லை. மலை நகர்ந்ததை வந்து பார்க்காத ஆட்கள் கூட, பவளம் பேசாமல் இருக்கிறாளாம் என்று கேள்விப்பட்டுப் பின்னேரங்களில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஞானேஸ்வரி அக்கா மட்டும் போகும்போது என் காதில், "பெட்டி கட்டுறாளோ எண்டு பாத்துக்கொள்ளும்" என்றார். பார்த்தேன். பெட்டி கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. ஒவ்வொரு முறை வேலையால் வரும்போதும் முதலில் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

வீட்டு வேலைக்காரருக்கு அந்த நாட்டில் வியாழக்கிழமை பின்னேரமும் லீவு. அந்த வியாழன் நான் வந்தபோது அவள் சமையலறை மேசையில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

"வாழைமரம் குலையோடையோ, குலை இல்லாமலோ?" என்று கேட்டாள்.

"குலையோடை."

"ஒண்டோ, ரெண்டோ?"

"ரெண்டு. மற்றது வேலியிலை சாத்தியிருந்தது."

"அது ஒரு மணித்தியாலக் கதையெல்லோ. இறக்கி வைச்சுப்போட்டுக் கேட்டிருக்கலாமே."

"இறக்கினால் சத்தம் கேட்டு நீர் நிப்பாட்டியிருப்பீர்."

அவள் ஒரு அவரைக்காயை எடுத்தாள், நார் எடுக்காமல் திரும்ப வைத்தாள். "நான் கதைப்பன் எண்டு சொன்னது சரி. அது பொய்யில்லை. அப்புவின்ரை காதைப் பற்றிச் சொன்னதுதான் அநியாயம். அவர் பட்டாசு கொளுத்தினதிலை போனது."

"ஓம்."

"பதினொரு வருசம் பக்கத்திலை இருந்தனானே. அந்த மாட்டுக்கு என்ன நடந்தது எண்டு ஒருநாளாவது கேட்டீங்களோ?"

"கேட்டால், அது உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு நீர் கேப்பீர்."

அப்போதுதான் சிரித்தாள். சத்தமாக, கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் இடிக்கும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்டனை சொன்னாள். இனி ஒவ்வொரு வியாழனும் பின்னேரம், தனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை, என் வாயால், முதல் நடு முடிவோடு நான் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் மறைத்ததற்கு அது போதுமென்று தனக்குத் தோன்றுகிற அன்றைக்கு, வாத்தியாருக்கும் மாட்டுக்கும் பொல்லோடு வந்தவனுக்கும் என்ன நடந்ததென்று தான் சொல்லுவாள்.

இருபத்தியிரண்டு வருடம் சொன்னேன். படகைச் சொன்னேன், பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், நான் வேலை செய்த, பத்திரம் எழுதும் நோட்டாரின் வீட்டு அலமாரியில் கண்டதைச் சொன்னேன். சொல்ல ஒன்றும் இல்லாத வியாழன்களில் தெருவில் போய் நின்று எதையாவது பார்த்துவிட்டு வந்து சொன்னேன். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லை. ஆனால் தண்டனைக்கு இன்னும் காணாது" என்றாள். கடைசியாக ஆஸ்பத்திரியில், அவள் பேச முடியாமல் இருந்த வியாழன் அன்றும், நான் சொல்லி முடித்ததும், விரலை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினாள்.

அந்த மாட்டுக்கு என்ன நடந்ததென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தண்டனை முடிந்ததென்றும் அவள் சொல்லவில்லை. ஆகவே வியாழக்கிழமைகளில் பின்னேரம் அவரைக்காயை மேசையில் கொட்டி வைத்துக்கொண்டு நான் இன்னும் சொல்லி வருகிறேன். இன்றைக்கு இதைச் சொன்னேன். ஆனால் இது அவளுக்குத் தெரிந்த கதை, செல்லாது. இருட்டுவதற்குள் வேறொன்று யோசிக்க வேண்டும்.